மாஊன்: தொழுகையும் நெற்களமும்

திருக்குர்ஆனின் 107 ஆம் அத்தியாயம் ஏழே வசனங்கள் கொண்டது. 'அல்மாஊன்' என்பது அதன் பெயர். சமயநெறியை, அல்லது தீர்ப்பு நாளை, பொய்யென்பவன் யாவன் என்னும் வினாவோடு அது தொடங்குகின்றது. கடவுள் இல்லையென வாதிடுவோனையே நாம் விடையாக எதிர்நோக்குவோம். அவ்வத்தியாயமோ, அநாதையை விரட்டுவோனையும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் நம்முன் நிறுத்துகின்றது. 'அளிக்காதவன்' என்னாது 'தூண்டாதவன்' என்றமை ஊன்றி நோக்கற்பாலது. கொடுக்க வகையற்றானும், கொடுக்க வல்லானிடம் எடுத்துரைக்கும் கடமையினின்று நீங்கான் என்பது இதனாற் பெறப்படும்.

அடுத்துக் கண்டிக்கப்படுவோர் தொழுவோரே. 'ஃபீ' என்னும் சொல் அங்கிருப்பின், தொழுகையினிடையே மனஞ்சிதறுவோர் அனைவரும் குற்றவாளிகளாவர். நம்மில் யார் தப்புவார்? மூலத்திலுள்ளது 'அன்' என்பதாகலின், தொழுகையையே பொருட்படுத்தாது பிறர் காணத் தொழுவோரைக் குறித்ததென உரைகாரர் ஆறுதல் கூறுவர். இறுதிச் சொல்லாகிய 'மாஊன்' என்பதற்குச் சிலர் ஜகாத்து என்று பொருள் கொண்டனர். நபித்தோழர் இப்னு மஸ்ஊதோ, அண்டை வீட்டார் இரவல் கேட்கும் பானை, கோடரி, வாளி முதலியன என்றார். இவ்வுரையே நமக்கு இனிது. மண்வெட்டியும் மரக்காலும் வீட்டுக்கு வீடு கைமாறும் நம் காவிரி நாட்டில் இதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இப்பொருள்களைத் தமிழ் மக்கள் தம் மொழியிலேயே உணர்தல் வேண்டுமென உழைத்தவர் பா. தாவூத்ஷா. 1885 இல் நாச்சியார்கோயிலை அடுத்த கீழ்மாந்தூரிற் பிறந்து, கும்பகோணம் கல்லூரியிற் பயின்ற அவர், 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்தியதோடு குர்ஆனுக்குத் தமிழில் விரிவுரையும் வரைந்தார்.

இனி, விளைச்சலின் உரிமையை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடுக என்பது ஆறாம் அத்தியாயத்தின் கட்டளை. அளவை நபிமொழி வகுக்கின்றது. மழையும் ஆறும் பாய்ந்து விளைந்ததிற் பத்தில் ஒன்று. உழைப்பாலும் செலவாலும் இறைத்து விளைத்ததில் இருபதில் ஒன்று. நூறு கலம் நெல்லுக்கு வாய்க்காற் பாசனத்திற் பத்துக் கலமும், ஏற்றம் இறைத்த நிலத்தில் ஐந்து கலமும் ஆகும். மேட்டூர் அணை 1934 இல் எழுந்த பின்னும் ஆற்றுநீர் காலத்தில் எட்டாத கடைமடையார், இந்நாளில் ஆழ்குழாய்க் கிணற்றை நாடுகின்றனர். இருவகை நீரும் சமமாயின், பத்தில் ஒன்றின் முக்காற் பங்கு, அதாவது ஏழரைக் கலம் என்பர்.

ஆனால் நிலம் ஒருவனதாய் உழைப்பு மற்றொருவனதாய் இருப்பின் கொடுக்கக் கடவார் யார்? தஞ்சைத் தரணியில் இஃது ஏட்டு வினாவன்று. குத்தகை நிலத்தில் அது நிலமுடையான் கடன் என்றார் இமாம் அபூஹனீஃபா. அவர்தம் மாணாக்கராகிய அபூயூஸுஃபும் முஹம்மதும், விளைச்சல் எவன் கையிலுளதோ அவனே கொடுக்க என்றனர். விளைவைப் பங்கிடும் வாரத்திலோ, அவரவர் பங்குக்கு அவரவரே கடமைப்பட்டவர் என்பது அவ்விருவர் தீர்ப்பு.