உஷார்! நெஞ்சடைப்பை ‘கேஸ்’ என்று தள்ளிப்போடாதீர்கள்

சங்ககிரி லாரிப் பட்டறையிலும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியிலும், பள்ளிபாளையம் தறிக்கூடத்திலும் நெஞ்சு அடைத்தால் முதலில் வரும் பேச்சு ஒன்றுதான்: “கேஸுங்க, ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்.” குடித்துவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அது மாரடைப்பாக இருந்தால்? நினைத்தாலே பதறுகிறது.

மாரடைப்பில் இதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டால் அதன் தசைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அது இல்லாமல் சர்க்கரையை எரிக்கும் தசையில் லாக்டேட் குவியும். வெறும் கழிவு என்றுதான் அதை வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2019-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யிங்மிங் ஜாவோ குழு, அந்த லாக்டேட் புரதங்களில் ஒட்டிக்கொண்டு மரபணுக்களின் வேலையையே மாற்றுவதைக் கண்டுபிடித்தது. இதுதான் லாக்டைலேஷன். 2023-இல் வெளிவந்த எலி ஆய்வு இன்னும் கலங்க வைக்கிறது: மாரடைப்புக்குப் பின் லாக்டேட் ‘ஸ்னெயில்1’ என்ற புரதத்தில் ஒட்டி, ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைத் தழும்பு உண்டாக்கும் செல்களாகத் திருப்பிவிடுகிறது. தழும்பேறிய இதயம் பழையபடி சுருங்கி விரியாது.

அதற்காக லாக்டேட்டையே ஒழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். இதயத்தைச் சுருக்கும் மயோசின் புரதத்தில் லாக்டைலேஷன் குறைந்தாலும் இதயம் தளர்கிறது என்று 2023-லேயே இன்னொரு ஆய்வு சொன்னது. ஆகவே ‘லாக்டேட் குறைக்கும் பொடி’ என்று யாராவது விற்க வந்தால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். லாக்டைலேஷனைச் சரிசெய்ய மருத்துவமனைகளில் இன்னும் மருந்து வரவில்லை.

நம் கையில் இருப்பது நேரம் மட்டுமே. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் ஒரு மணி நேரத்தில்தான் மிகுந்த பலன் தரும். 12 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் போடுவதே இல்லை. தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். சேலம் வரை போய்ச் சேர்ந்தபின்தான் வைத்தியம் என்றில்லை.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் உஷாராக இருங்கள். வலியே இல்லாமல் வியர்வை, மூச்சிரைப்பு, காரணமில்லாத சோர்வு மட்டும் வரலாம். டிரைவர் அண்ணன்மார்களே, நெஞ்சு அடைத்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள், இலவசம்தான். பக்கத்தில் இருப்பவர்களும் சோடா வாங்க ஓடாமல் போனை எடுங்கள்.