ஜவ்வாது மலைச் சாமை விநியோகச் சங்கிலியில் பெண் உழவர்: உழைப்பும் பெயர்ப் பதிவும்

ஆய்வுச் சுருக்கம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று சாமை. விதை காத்தல் முதல் உமி நீக்குதல் வரை இப்பயிரின் பல பணிகள் பெண்களின் உழைப்பைச் சார்ந்தவை. ஆனால் நிலம், கடன், கொள்முதல், பங்குரிமை ஆகியவற்றுக்கான ஆவணங்கள் பெரும்பாலும் நில உரிமையாளரின் பெயரையே நாடுகின்றன. இவ்வாறு பெயர் பதிவாகும் இடங்களை அடையாளங்கண்டு, பாலினச் சமத்துவம் எங்குத் தடைபடுகிறது என்பதையும், நடப்பில் உள்ள சட்டங்களுக்குள்ளேயே எவற்றைச் சீர்செய்ய இயலும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஜவ்வாது மலை, சாமை, பெண் உழவர், விநியோகச் சங்கிலி, நிலவுரிமை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்.

முன்னுரை

சங்க இலக்கியக் குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண் நிலைபெற்ற ஓர் உருவமாக விளங்குகிறாள். தானியம் குற்றும் மகளிர் பாடும் வள்ளைப் பாட்டுக்குச் சிலப்பதிகார வாழ்த்துக் காதை இடமளித்துள்ளது. பயிர் காத்தலும் தானியம் குற்றலும் மகளிர் பணிகளாக இலக்கியத்தில் பதிவாகியுள்ளமைக்கு இவை சான்றாகும். இலக்கியம் பதிவு செய்த இவ்வுழைப்பை வருவாய்த்துறையின் பதிவேடு பதிவு செய்வதில்லை. பட்டாவில் பெயர் உள்ளவரே உழவர் என்பது நடைமுறையாகிவிட்டது.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகவும், 2026ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பெண் உழவர் ஆண்டாகவும் அறிவித்தது. சிறுதானியமும் பெண் உழவரும் ஒருசேரப் பேசப்பட வேண்டிய களங்களுள் ஜவ்வாது மலையும் ஒன்று.

1. நிலமும் மக்களும்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. திருவண்ணாமலை மாவட்டப் பகுதிக்கு ஜமுனாமரத்தூர் வட்டத் தலைநகராக உள்ளது. மலையாளி பழங்குடியினர் இங்குப் பெரும்பான்மையினர். மழையை நம்பிய மானாவாரி வேளாண்மையில் சாமை முதன்மை பெறுகிறது. தேன், புளி, நெல்லி முதலியனவும் வருவாய் தருகின்றன.

மானாவாரி வருவாய் ஆண்டு முழுமைக்கும் போதுவதில்லை. எனவே ஆண்கள் வெளியூர்களுக்கு வேலை தேடிச் செல்கின்றனர். 2015 ஏப்ரலில் ஆந்திர மாநிலச் சேசாசலம் வனப்பகுதியில் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட தமிழகத் தொழிலாளர்கள் 20 பேரில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். ஆண்கள் வெளியேறும் காலத்தில் நிலத்தையும் கால்நடையையும் பேணுவோர் பெண்கள். கணவன் இறந்துவிட்டாலோ, திரும்பி வராவிட்டாலோ பட்டாவில் தன் பெயர் இல்லாத பெண் அந்நிலத்தைப் பயிரிடலாம். அந்நிலத்தின் பேரில் கடனோ இழப்பீடோ பெறுவது அரிது.

2. சாமையின் பயணம்

சாமை குறைந்த நீரிலும் வளம் குன்றிய மண்ணிலும் விளையும் குறுகியகாலப் பயிர். அடுத்த பருவத்துக்கான கதிரைத் தெரிந்து விதையாகப் பாதுகாத்தல், களையெடுத்தல், கதிரறுத்தல், தூற்றுதல், புடைத்தல், உலர்த்துதல், குற்றுதல் என இதன் பணிகள் தொடர்கின்றன. இவற்றுள் ஏர் உழுதல் போன்ற சில தவிர ஏனையவற்றில் பெண்களின் பங்கு மிகுதி. சாமை மணி மிகச் சிறியது; அதன் உமி இறுகப் பற்றியிருப்பது. ஆகவே உரலில் இட்டுக் குற்றி அரிசியாக்குதல் மிகக் கடினமான பணியாகும்.

களத்தை விட்டு வெளியேறியதும் சங்கிலியின் இயல்பு மாறுகிறது. எடை போடுதல், விலை பேசுதல், முன்பணம் கழித்தல், பணம் பெறுதல் ஆகியவை நிகழும் இடம் வணிகரின் முற்றமாகவோ கொள்முதல் நிலையமாகவோ அமைகிறது. உமி நீக்காத சாமை சமவெளி ஆலைகளுக்குச் செல்கிறது. மராட்டிய மாநிலத்தின் நாசிக் நகரமும் சிறுதானிய அரைவைக்குப் பெயர்பெற்றது. வட இந்தியாவில் நோன்பு உணவாக இவ்வரிசி விற்பனையாகிறது. ஆலையில் கூடும் மதிப்பு மலைக்குத் திரும்புவதில்லை. பெண்ணின் உழைப்பு செறிந்துள்ள பகுதி சங்கிலியின் தொடக்கத்திலும், பணம் செறிந்துள்ள பகுதி அதன் இறுதியிலும் அமைந்துள்ளன.

3. பெயர் பதிவாகும் இடங்கள்

இச்சங்கிலியில் ஒருவரின் பெயர் ஐந்து இடங்களில் எழுதப்படுகிறது: பட்டா, கடன் கணக்கு, கொள்முதல் சீட்டு, நிறுவனப் பங்கேடு, பணம் சேரும் வங்கிக் கணக்கு. முதலாவதில் பெயர் இல்லாதவருக்கு ஏனைய நான்கும் எளிதில் கிட்டுவதில்லை.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி உடைமையாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் மட்டுமே. பழங்குடிப் பெண்களுக்கு மற்றொரு சட்டத் தடையும் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், நடுவணரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என அதன் 2(2)ஆம் பிரிவு கூறுகிறது. எனவே 2005இல் மகளுக்குச் சமவுரிமை வழங்கிய திருத்தமும் இவர்களை நேரடியாகச் சென்றடையவில்லை. இப்பிரிவைத் திருத்துவது பற்றி ஆராயுமாறு உச்சநீதிமன்றம் 2022இல் நடுவணரசைக் கேட்டுக்கொண்டது. ஓர் இனத்தின் வழக்காற்றைக் காப்பதற்கென விலக்கப்பட்ட சட்டம், அவ்வினத்துப் பெண்ணின் உரிமைக்குத் தடையாக நிற்பது இங்குள்ள முரண்.

இதற்கு மாறான முன்மாதிரியும் சட்டத்திலேயே உள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்கு வழங்கும் உரிமைப் பட்டத்தைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிய வேண்டும் என்கிறது. சிறு வனப்பொருள்கள் மீதான உரிமையையும் அது ஏற்கிறது. வன நிலத்துக்குப் பொருந்தும் கூட்டுப் பதிவு பட்டா நிலத்துக்கு மட்டும் பொருந்தாமற் போவதற்குத் தக்க காரணம் இல்லை.

2007ஆம் ஆண்டின் தேசிய உழவர் கொள்கை, நில உரிமையாளரை மட்டுமன்றிக் குத்தகையாளர், வேளாண் தொழிலாளர், வனப்பொருள் சேகரிக்கும் பழங்குடியினர் ஆகியோரையும் உழவர் என வரையறுத்தது. அக்கொள்கைக்கு அடித்தளமிட்ட ஆணையத்தின் தலைவர் எம். எஸ். சுவாமிநாதன், பெண் உழவர் உரிமைகள் மசோதாவை மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நிலவுரிமை இல்லாவிடினும் பெண்ணுக்கு உழவர் சான்றிதழ் வழங்க அது வழிகோலியது. மசோதா காலாவதியாயிற்று. கொள்கையின் வரையறை ஏட்டில் நிற்க, பிரதமரின் உழவர் நிதியுதவித் திட்டம் போன்றவை நிலப் பதிவேட்டையே தகுதிக்கு அடிப்படையாகக் கொள்கின்றன.

4. இயந்திரமும் உரிமையும்

உமி நீக்கும் இயந்திரம் பெண்ணின் உடலுழைப்பைக் குறைக்கிறது, இதில் ஐயமில்லை. ஆனால் அவ்வியந்திரம் யாருக்கு உரியது என்னும் வினா எஞ்சுகிறது. தானியம் உமியோடு மலையிறங்கினால் உழைப்போடு அரிசியின் கூடுதல் விலையும் குருணையும் தவிடும் பெண்ணின் கையை விட்டு நீங்குகின்றன. இயந்திரம் ஊரிலேயே பெண்கள் குழுவின் பொறுப்பில் இருந்தால் உழைப்பு மட்டுமே நீங்கும்.

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலை இதற்குத் தக்க ஒப்பீடு. அங்கு மரவள்ளி பரவியதால் சிறுதானியச் சாகுபடி சுருங்கியது. குற்றும் பணியின் கடுமையும் வீட்டு உணவிலிருந்து சிறுதானியம் விலகியதற்கு ஒரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு ஊரளவில் உமி நீக்கும் இயந்திரங்களை அறிமுகப்படுத்தி, அவற்றின் பராமரிப்பையும் மதிப்புக்கூட்டிய பொருள்களின் தயாரிப்பையும் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. அரைவை, பொதியிடல், விற்பனை ஆகிய மூன்றும் ஒரே குழுவிடம் சேரும்போதுதான் விலையின் ஒரு பகுதி பெண்களிடம் தங்கும் என்பதே அம்முயற்சி தரும் பாடமாகும்.

5. உற்பத்தியாளர் நிறுவனங்கள்

ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் சாமையையும் வனப்பொருள்களையும் மதிப்புக்கூட்டி விற்கிறது. இத்தகைய நிறுவனங்களைப் பற்றிய சட்டக்கூறு ஒன்று கருதத்தக்கது. முதன்மை விளைபொருள் சார்ந்த பணியில் ஈடுபடும் எவரும் 'உற்பத்தியாளர்' என்பதே நிறுமச் சட்டத்தின் வரையறை. நிலவுரிமை அதன் நிபந்தனையன்று. உறுப்பினரின் பங்கு எவ்வளவாயினும் அவருக்கு ஒரு வாக்கே உண்டு. ஆகவே புடைத்தும் உலர்த்தியும் வாழும் பெண் தன் பெயரிலேயே பங்குதாரராகலாம். பட்டா நகல் கேட்டு அவரைத் திருப்பியனுப்புவது நடைமுறைப் பழக்கமே தவிரச் சட்டத் தேவையன்று.

10,000 உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் 2020ஆம் ஆண்டின் நடுவணரசுத் திட்டம், இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண் இடம்பெற வேண்டும் என்கிறது. ஒரே ஒரு பெண் என்னும் எண்ணிக்கை விலை முடிவுகளை மாற்றப் போதுமானதன்று. கூட்டத்துக்கு வந்த பெண்களின் எண்ணிக்கையைவிட, கொள்முதல் சீட்டில் உள்ள பெண்களின் எண்ணிக்கையே சமத்துவத்துக்குரிய நம்பகமான அளவுகோல்.

இதன் பயன் பெண்களோடு நிற்பதில்லை. பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான உற்பத்தி வளங்கள் கிட்டினால் அவர்களது விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு வரை உயரக்கூடும் என உலக உணவு வேளாண் அமைப்பின் 2010-11 அறிக்கை மதிப்பிட்டது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன.

• ஜவ்வாது மலைச் சாமைச் சங்கிலியில் பெண்களுக்குக் குறைவாக இருப்பது பங்கேற்பு அன்று, பதிவு.
• பட்டாவில் கூட்டுப் பதிவும் பழங்குடிப் பெண்களின் வாரிசுரிமையும் சட்டத் திருத்தத்தையும் அரசாணையையும் வேண்டுவன. அவை காலம் பிடிக்கும்.
• பங்கேடு, கொள்முதல் சீட்டு, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் நடப்புச் சட்டத்திற்குள்ளேயே நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் உடனே மாற்றக்கூடியவை. தானியம் கொண்டுவருபவரின் பெயரில் சீட்டு எழுதுவது இதற்கு முதற்படி.
• உமி நீக்கும் இயந்திரங்களை வழங்கும்போது உரிமையும் பராமரிப்பு நிதியும் பெண்கள் குழுவுக்குச் சேருமாறு ஒப்பந்தம் அமைய வேண்டும்.

கொள்முதல் பதிவேடுகளைப் பாலின அடிப்படையில் பகுத்தாய்வது இத்துறையில் அடுத்து நிகழ வேண்டிய ஆய்வாகும். வள்ளைப் பாட்டையும் வேளாண் தொழிற்பாடல்களையும் தொகுக்கும் நாட்டுப்புறவியல் ஆய்வாளர்கள், பாடியவரின் நிலம் யார் பெயரில் உள்ளது என்னும் வினாவையும் தம் படிவத்தில் சேர்த்தால் அது அவ்வாய்வுக்குப் பெரிதும் துணைசெய்யும்.