தேக்காவின் அஞ்சடியும் அலுவலக நாற்காலியும்

அலுவலக ஊழியர்களை நடக்கவைப்பது எப்படி என்ற கேள்விக்கு உலகில் இதுவரை கிடைத்துள்ள தெளிவான விடைகளுள் ஒன்று சிங்கப்பூரிலிருந்தே வந்தது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் பொருளியல் அறிஞர் எரிக் ஃபிங்கல்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 2013ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வொன்றில், 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 முழுநேர ஊழியர்கள் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். முதல் பிரிவினருக்குக் கருவி எதுவும் தரப்படவில்லை. இரண்டாம் பிரிவினருக்கு அடிகளை எண்ணிக் காட்டும் சிறு கருவி மட்டும் தரப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குக் கருவி தரப்பட்டதோடு, அவர்கள் நடக்கும் அளவுக்கேற்ப ஓர் அறநிறுவனத்துக்கு அவர்கள் சார்பில் நன்கொடை சென்றது. நான்காம் பிரிவினர், வாரத்துக்கு 50,000 அடிகள் நடந்தால் 15 வெள்ளியும், 70,000 அடிகளைத் தாண்டினால் 30 வெள்ளியும் ரொக்கமாகவே பெற்றனர்.

பரிசு தரப்பட்ட ஆறு மாதங்களில் ரொக்கம் பெற்றவர்களே மற்றவர்களைவிடக் கூடுதலாக நடந்தனர் என்பதில் வியப்பில்லை. ஆனால் பரிசு நின்றபின் மேலும் ஆறு மாதம் கழித்து அவர்களைச் சோதித்தபோது, பணத்தால் கிடைத்த அந்த முன்னேற்றம் மறைந்துவிட்டிருந்தது. கருவி பெற்றவர்களிலும் ஓராண்டின் முடிவில் பத்தில் ஒருவர்தான் அதை அணிந்துகொண்டிருந்தார். உடல் எடை, இரத்த அழுத்தம் முதலியவற்றில் எந்தப் பிரிவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. 2016இல் மருத்துவ இதழில் வெளியான இந்த முடிவுகளைக் கொண்டு, பரிசும் கருவியும் பயனற்றவை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது, ஏனெனில் ஒருவரை எழுந்து நிற்கவைக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. எழுந்தவர் தொடர்ந்து நடப்பதற்கு வேண்டியவை அன்றாட வேலைநாளுக்குள் அதற்கென ஒரு நேரமும், நடக்கத் தகுந்த ஓர் இடமும், மேலதிகாரியின் முகச்சுளிப்பு இல்லாத ஒரு சூழலுமே ஆகும்.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இது மற்றவர்களைவிட அவசரமான செய்தி. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நீரிழிவு நோய் உள்ளோரின் விகிதம் சீனரிடையே 9.7 விழுக்காடாகவும் மலாய்க்காரரிடையே 16.6 விழுக்காடாகவும் இருக்க, இந்தியரிடையே அது 17.2 விழுக்காடாக இருந்தது. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைக் கடந்த சிங்கப்பூர் இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு உள்ளதென்று நாட்டுக்கு எடுத்துச் சொன்னார். ஏறத்தாழ ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் தாத்தாவோ பாட்டியோ இந்தக் கணக்கில் அடங்குவர் என்பதே இதன் பொருள். தெற்காசியரின் உடலில், பார்ப்பதற்கு ஒல்லியாக இருப்பவரிடமும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் போக்கு மிகுதி. இத்தகைய வேறுபாடுகளைக் கருதியே, 2002இல் சிங்கப்பூரில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டவுடனேயே கவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. உடல் எடைக் குறியீடு என்பது கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணாகும்.

நடை நீரிழிவைத் தடுக்கும் விதம் எளிதில் விளங்கக்கூடியதே. உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும்போது, அதைத் தசைகளுக்குள் சேர்க்கும் வேலையை இன்சுலின் என்னும் சுரப்புநீர் செய்கிறது. நீரிழிவை நோக்கிச் செல்லும் உடலில் அந்த இன்சுலினுக்குத் தசைகள் செவிசாய்ப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவியை எதிர்பாராமலே அது சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பவை. நாற்காலியில் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் அவை சும்மா இருக்கின்றன. எனவே சோறோ பிரியாணியோ உண்டபின், இரத்தத்தில் சர்க்கரை ஏறும் அந்த வேளையில் கால்மணி நேரம் நடப்பது, அதே கால்மணி நேரத்தை வேறெப்போதோ நடப்பதைக் காட்டிலும் சர்க்கரையின் ஏற்றத்தைக் கட்டுப்படுத்த உதவும். முதியவர்களைக் கொண்டு 2013இல் வெளியிடப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வும், மூன்று வேளை உணவுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தவர்களின் இரத்தச் சர்க்கரை நாள் முழுவதும் சீராக இருந்ததைக் காட்டியது.

வேலையின் தன்மையே உடலைக் காக்கவும் கெடுக்கவும் வல்லது என்பதை முதலில் மெய்ப்பித்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெரி மாரிஸ். லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களையும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களையும் ஒப்பிட்ட அவர், நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்ததை 1953இல் வெளியிட்டார். கடிதங்களை வீடுவீடாகக் கொண்டுசேர்த்த அஞ்சல்காரர்களுக்கும், அதே துறையில் மேசைமுன் அமர்ந்திருந்த எழுத்தர்களுக்கும் இடையிலும் அவ்வாறே வேறுபாடு இருந்தது. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார். வார இறுதியில் ஒருநாள் உடற்பயிற்சிக்கூடம் சென்றுவிட்டால் வாரம் முழுவதும் அமர்ந்திருக்கலாம் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதன்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் தொகுத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருப்பதன் தீங்கை முற்றிலும் ஈடுகட்ட நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை என்று கணக்கிட்டது. மிதமான உடலுழைப்பு என்பது மூச்சு சற்றே வாங்கும் அளவுக்கான உழைப்பு: பேச முடியும், பாட முடியாது.

சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015 நவம்பரில் தொடங்கிய தேசிய அளவிலான நடைச் சவால், நாளுக்கு 10,000 அடிகள் என்ற இலக்கை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. நடந்தவர்கள் புள்ளிகள் சேர்த்துப் பற்றுச்சீட்டுகளாக மாற்றிக்கொண்டனர், வேலையிடங்கள் அணி திரண்டு போட்டியிடவும் பின்னர் வழிசெய்யப்பட்டது. அந்த 10,000 என்னும் எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு அடுத்த ஆண்டான 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 கொண்ட அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து ஹார்வர்டு அறிஞர் ஐ-மின் லீ 2019இல் வெளியிட்ட கட்டுரையில், நாளுக்கு 4,400 அடிகள் நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது; 7,500க்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. பத்தாயிரத்தை எட்ட முடியாதென்று நடக்கவே தொடங்காத அலுவலக ஊழியர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

நடக்கத் தகுந்த இடம் எங்கே என்று கேட்பவருக்குத் தேக்கா ஒரு நல்ல விடை. பூகிஸ், ரோச்சோர் வட்டாரங்களின் அலுவலகங்களிலிருந்து மதிய உணவுக்காகத் தேக்கா நிலையத்தின் உணவங்காடிக்கு வருவோர் பலர். உண்டபின் நேரே ரயில் நிலையத்துக்குள் இறங்கிவிடுவதற்கு மாறாக, சிராங்கூன் சாலையைக் கடந்து கேம்பல் லேனுக்குள் நுழைந்து, இந்திய மரபுடைமை நிலையத்தைத் தாண்டி, டன்லப் ஸ்திரீட் வழியாகத் திரும்பி வந்தால் கால்மணி நேரம் கழிந்துவிடும். இன்னும் சற்று நேரம் உள்ளவர், சிராங்கூன் சாலையிலேயே வீரமாகாளியம்மன் கோயிலைக் கடந்து சீனிவாசப் பெருமாள் கோயில் வரை ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நடக்கலாம். தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படுவது அங்கிருந்துதான். இந்தத் தெருக்களில் கடைவீடுகளின் முன்புறம் தொடர்ந்து செல்லும் ஐந்தடி நடைபாதை, பேச்சுவழக்கில் அஞ்சடி, பிரிட்டிஷ் நிர்வாகி ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தின் விளைவாகும். ஒவ்வொரு கட்டடமும் முன்பக்கத்தில் கூரையுடன் கூடிய பொதுவழி விட வேண்டும் என்று அவர் விதித்தது, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கவே. இன்றும் பூமாலைக் கடையின் ஈரமும் மசாலாக் கடையின் மணமும் கலந்த அந்த நிழலில், கடைக்குக் கடை தரைமட்டம் ஏறியும் இறங்கியும், வாழைத்தாரும் துணிமூட்டையும் பாதி வழியை அடைத்தும் இருப்பதால் விரைந்து நடப்பது சில இடங்களில் கடினமே. கடைக்காரர்கள் ஓர் ஆள் தாராளமாகக் கடக்கும் அளவு இடம் விட்டால், சக்கர நாற்காலியில் வருவோருக்கும் அது பேருதவியாகும்.

சிங்கப்பூரின் நண்பகல் வெப்பமும் புழுக்கமும் பொய்யான சாக்குகள் அல்ல. அரசும் இதை உணர்ந்தே 2013இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் தொலைவுக்குள் பள்ளிகளுக்கும் மருந்தகங்களுக்கும் கூரையிட்ட நடைபாதைகளை அமைத்தது. நனைந்த சட்டையோடு கூட்டத்துக்குச் செல்லத் தயங்குபவருக்கு, அலுவலகத்தில் ஒரு குளியலறையும் மாற்றுச் சட்டை வைக்க ஒரு பெட்டியும் இருப்பது, நூறு சுவரொட்டிகளைவிடப் பயன் தரும்.

இங்கே ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் தமிழகக் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இந்த அறிவுரை எதுவும் பொருந்தாது. வாரம் முழுவதும் சுமந்தும் ஏறியும் உழைத்த அந்த உடல்களுக்கு வேண்டியது ஓய்வு. அவர்கள் கட்டிய கட்டடங்களுக்குள் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவர்களுக்கே நடை தேவைப்படுகிறது.

அந்த நடையை மாலை ஆறு மணிக்குப் பின்னர் வைத்துக்கொள்ளச் சொல்வது நியாயமாகாது. அலுவலகம் முடிந்து வீட்டுக்கு விரைந்து, சமைத்து, பிள்ளைகளின் பாடங்களைப் பார்த்து, முதிய பெற்றோரையும் கவனிக்கும் பெண்ணுக்கு அந்த நேரம் சொந்தமானதன்று; அவருக்கு உண்மையில் கைவசம் உள்ளது வேலைநேரத்துக்குள் கிடைக்கும் இடைவெளி மட்டுமே. ஆகவே மதிய இடைவேளையை 20 நிமிடம் நீட்டித்து, இரண்டு மணிக்கு முன் கூட்டங்கள் வைக்காமல், மேலாளரே முதலில் எழுந்து நடக்கும் நிறுவனம், பற்றுச்சீட்டு வழங்கும் நிறுவனத்தைவிட நீடித்த பயனைப் பெறும். மேலாளர் எழாத அறையில் ஊழியர் எழமாட்டார்.

2022இல் வெளியான சிங்கப்பூர் உடலுழைப்பு வழிகாட்டி, பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. மதிய உணவுக்குப் பின் 20 நிமிட வேக நடை, ஐந்து நாளில் 100 நிமிடம்; காலையில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கும் 10 நிமிடம், ஐந்து நாளில் 50 நிமிடம். நிறுவன உரிமையாளர்களும் மேலாளர்களும் இந்த இருபது நிமிடத்தை ஊழியர்களுக்கு வரும் திங்கட்கிழமையிலிருந்தே விட்டுத்தர முன்வர வேண்டும்.