ஒதுங்கியிருக்கும் பூனைக்கு ஓர் இல்லம்

விலங்குக் காப்பகத்திலிருந்து ஒரு பூனையை எடுத்து வளர்க்கலாம் என்று செல்வோர் பெரும்பாலும் கூண்டின் முன்பக்கத்தையே பார்க்கின்றனர். கம்பியருகே வந்து உடலை உரசிக் குரல் கொடுக்கும் பூனைக்கு விரைவில் வீடு கிடைத்துவிடுகிறது. பின்மூலையில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஒடுங்கியிருக்கும் பூனை அங்கேயே தங்கிவிடுகிறது. அதன் கண்ணில் நீரும் மூக்கில் சளியும் தென்பட்டாலோ, "பாவம், நோயுற்ற பூனை" என்று இரங்கிவிட்டு மக்கள் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகின்றனர்.

தலைநகர்க் காப்பகம் ஒன்றில் நாம் கண்ட பெண் பூனை இத்தகையது. சாம்பல் நிற உடல், கரிய கோடுகள், வயது ஏறக்குறைய இரண்டு. கடைத்தெரு ஒன்றிலிருந்து மீட்டு வரப்பட்டது. அதன் இடக்கண்ணில் அடிக்கடி நீர் வடியும், தும்மல் தொடரும், ஆள் அரவம் கேட்டால் விரிப்பின் அடியில் புகுந்துகொள்ளும். மருந்து கொடுத்தால் குணமாகிறது. காப்பகத்தில் கூட்டம் பெருகியதும் நோய் திரும்புகிறது. பார்க்க வருவோர் அதனிடம் காணும் குறைகள் இரண்டு: கூச்சம், நோய். இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதையும், அமைதியான ஒரு வீடு இரண்டையும் ஒருங்கே தணிக்கக்கூடும் என்பதையும் நேயர்களுக்கு விளக்குவதே நமது நோக்கம்.

முதலில் நோயைக் காண்போம். பூனைகளுக்கு வரும் இச்சளி நோய்க்குப் பெரும்பாலும் இரு வைரஸ்கள் காரணமாகின்றன. ஒன்று பூனைக்குரிய ஹெர்பிஸ் வைரஸ். மற்றொன்று காலிசி வைரஸ். முன்னது கண்ணையும் மூக்கையும் தாக்கும். பின்னது பெரும்பாலும் வாயிலும் நாவிலும் புண்களை உண்டாக்கும். இவற்றோடு பாக்டீரியாக்களும் சேர்ந்துகொண்டால் சளி கெட்டியாகி மஞ்சள் நிறங்கொள்ளும். மூக்கடைத்த பூனைக்கு உணவின் மணம் தெரிவதில்லை. மணம் தெரியாத உணவில் அது வாய் வைப்பதும் அரிது. இதனால் நோயைக் காட்டிலும் பட்டினி பெருந்தீங்காக முடிவதுண்டு. தொடர்ந்து சில நாள் உண்ணாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு மிகுந்து, உயிருக்கே ஊறு நேரலாம்.

ஹெர்பிஸ் வைரஸின் இயல்பு ஒன்றை இங்கு அறிந்துகொள்ளுதல் நலம். நோய் தணிந்த பிறகும் அது உடலைவிட்டு நீங்குவதில்லை. முகத்து நரம்பு முடிச்சுகளில் சென்று உறங்கிக் கிடக்கிறது. பூனைக்கு அச்சமோ அலைச்சலோ இடமாற்றமோ நேரும்போது, ஏறக்குறைய ஒரு வாரத்தில் மீண்டும் தலைதூக்குகிறது. நாய்களின் குரைப்பு, அன்றாடம் மாறும் முகங்கள், பக்கத்துக் கூண்டில் புதிய பூனை ஆகியவை அஞ்சும் பூனைக்கு ஓயாத வருத்தம். காப்பகத்தார் எவ்வளவு அன்புடன் மருந்திட்டாலும், நோயை எழுப்பும் காரணம் அவ்விடத்திலேயே இருப்பதால் குணம் நிலைப்பதில்லை. நோய் நீங்கினால் வீடு கிடைக்கும் என்று பூனை காத்திருக்கிறது. வீடு கிடைத்தாலன்றி நோய் தணியாது என்பதே உண்மை நிலை.

இனிக் கூச்சத்தைப் பார்ப்போம். பூனைக்குட்டி பிறந்த 2-ஆம் வாரத்திலிருந்து 7-ஆம் வாரம் வரையிலான காலமே அது மனிதரோடு பழகக் கற்கும் சிறந்த பருவம் என்பர் விலங்கியலார். தெருவில் பிறந்து, அப்பருவத்தில் அன்பான கை எதையும் அறியாத குட்டி, வளர்ந்த பின் மனிதரைக் கண்டு ஒளிகிறது. புலி பதுங்குவது பாய்வதற்கே என்பது பழமொழி. பூனை பதுங்குவதோ பெரும்பாலும் தன்னைக் காத்துக்கொள்வதற்கே. 2014-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியைக் கொடுத்தும், சிலவற்றுக்குக் கொடாமலும் ஆராய்ந்தனர். பெட்டி பெற்றவை விரைவில் அமைதியடைந்தன. ஒளிய இடம் தந்தால் வெளியே வரும் துணிவும் வரும் என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய பூனையை வீட்டுக்குக் கொண்டுவருவோர் முதலில் ஓர் அறையை மட்டும் அதற்கு ஒதுக்குதல் வேண்டும். தனியறைக்கு வசதியில்லாத சிறு குடியிருப்பில் அமைதியான ஒரு மூலை போதும். பக்கவாட்டில் வாயில் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று, தண்ணீர்க் கிண்ணம், சற்றுத் தள்ளி மணல் தட்டு ஆகியவற்றை வைக்கலாம். சில நாள், சில வேளை சில வாரங்கள்கூட, அது பெட்டியைவிட்டு வராமலிருக்கலாம். இழுத்து வெளியே எடுக்கலாகாது. நாள்தோறும் ஒரே வேளையில் உணவு வைத்து, அருகே அமர்ந்து மெல்லப் பேசுவதோ செய்தித்தாள் படிப்பதோ போதும். உற்றுநோக்காமல், கண்களை மெல்ல மூடித் திறப்பதும் பயன் தரும். அவ்வாறு செய்யும் மனிதரைப் பூனைகள் நாடி வருகின்றன என்று இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடாது. ஆயினும் நாம் கண்ணை மூடினால் பூனையின் அச்சம் சிறிது குறையும்.

நோய்க்கான பராமரிப்பும் கடினமானதன்று. வெந்நீரில் நனைத்து ஆறவைத்த பஞ்சினால் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிடலாம். உணவை இளஞ்சூடாக்கினால் மணம் எழும், பசியும் எழும். சொட்டு மருந்தும் பிற மருந்துகளும் கால்நடை மருத்துவர் சொன்னபடியே கொடுக்கப்படவேண்டும். மனிதர் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது. சிறிதளவும் அதன் உயிரைப் போக்கிவிடும். ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டாலும், வாய் திறந்து மூச்சு வாங்கினாலும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும். இவ்வைரஸ்கள் மனிதரைத் தொற்றுவதில்லை. வீட்டில் வேறு பூனை இருந்தால் அதற்குத் தொற்றக்கூடும். ஆதலின் அதற்குத் தடுப்பூசி போட்டிருத்தலும், இரண்டையும் தொடக்கத்தில் பிரித்து வைத்தலும் அவசியம்.

எடுத்து வளர்ப்பது ஒரு பொறுப்பு என்பதைச் சட்டமும் வலியுறுத்துகிறது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியைத் தொடர்ந்து 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962-இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். சென்னையில் பல்லாண்டுகள் இயங்கிய அவ்வாரியம் இன்று ஹரியானா மாநிலத்துப் பல்லப்கரில் உள்ளது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுதல் இச்சட்டப்படி குற்றமாகும். உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசியலமைப்பிலும் சேர்க்கப்பட்டது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கோடை விடுமுறையிலும் பொங்கலுக்கும் ஊருக்குச் செல்கிறோம். மாற்றலாகி வேற்று நகருக்கும் போகிறோம். அந்நாட்களில் பூனைக்கு உணவும் மருந்தும் கொடுப்பவர் யார் என்பதை, அதை எடுத்துவருமுன்பே உறுதி செய்துகொள்ளவேண்டும். அஞ்சும் பூனையைப் புதிய இடத்தில் கொண்டுபோய் விடுவதைவிட, அது பழகிய வீட்டுக்கே நம்பிக்கையான அண்டை வீட்டார் நாள்தோறும் வந்து கவனிப்பது நல்லது. வீட்டு உரிமையாளரின் இசைவையும் முன்னரே பெறுதல் தக்கது. மொழி தெரியாத நகரில் வந்திறங்கிய முதல் மாதங்களில் நாமும் பேச்சைக் குறைத்து ஒதுங்கியே இருந்தோம்; வற்புறுத்தாமல் பழகிய ஓரிரு அண்டை வீட்டாரால்தான் அந்நகரம் நமக்கு ஊராயிற்று. பூனைக்கு வேண்டுவதும் அவ்வளவே.

நிலையாக வளர்க்க இயலாதவர்களும் உதவலாம். சிகிச்சைக் காலம் முடியும் வரை தற்காலிகமாக வைத்துக்கொள்வோரிடம் பூனையை ஒப்படைக்கும் காப்பகங்கள் உள்ளன. அருகிலுள்ள காப்பகத்தில் இதைப்பற்றிக் கேட்டறியலாம். கூண்டுக்கு வெளியே கழியும் அந்தச் சில வாரங்களில் கண்ணீர் வற்றி, அச்சமும் தணிந்தால், மூலையில் இருந்த பூனை முன்பக்கத்துக்கு வரும். பிறகு அதைத் தேடி ஒருவர் வருவதும் எளிதாகும்.