இருப்புக் கணக்கில் பிசகு: 32 ஆண்டுகள் மூடிக் கிடந்த மீன் வியாபாரம்

கையிருப்பு எவ்வளவு என்று தெரியாமல் வியாபாரம் செய்யக் கூடாது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இருப்பைத் தவறாக மதிப்பிட்டு ஒரு கடை நொடித்தால் ஒரு குடும்பம் கஷ்டப்படும். ஒரு மாகாணமே அப்படி நொடித்த வரலாறு கனடா நாட்டில் உண்டு. அங்கே சரக்கு மீன், குடோன் கடல்.

கனடாவின் கிழக்கு முனையில் நியூஃபவுண்ட்லாந்து என்ற தீவு இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் லாப்ரடார் குளிர் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டமும் அதன் அருகே சந்திக்கின்றன. ஆழம் குறைந்த அந்தக் கடல் மேடுகளில் காட் என்னும் மீன் கோடிக் கணக்கில் வாழ்ந்தது. மருந்துக் கடைகளில் விற்கும் காட் லிவர் ஆயில் இந்த மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவதுதான். 1497-ல் ஜான் கபோட் அங்கு சென்று வந்தபோது, கூடையைக் கடலில் இறக்கியே மீனை அள்ளலாம் என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது.

பற்று வரவில் நடந்த தொழில்

காட் மீனை உப்பிட்டு உலர்த்தி ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். தொழில் முழுவதும் வியாபாரியின் பேரேட்டில்தான் நடந்தது. பருவத் தொடக்கத்தில் உப்பு, மாவு, வலை, துணிமணி ஆகியவற்றை வியாபாரி மீனவருக்குக் கடனாகக் கொடுப்பார். பருவ முடிவில் கருவாட்டை வாங்கிக் கொண்டு பற்றை நேர் செய்வார். ரொக்கம் புழங்குவது அபூர்வம். தரத்தையும் விலையையும் வியாபாரியே நிர்ணயித்ததால், பற்றிலிருந்து மீளாத மீனவர் பலர். ஆனாலும் சிறு படகும் கைத்தூண்டிலும் எடுத்ததைக் கடல் ஈடு செய்தது. முதல் குறையாமல் வட்டியைச் சாப்பிட்ட காலம் அது.

1954-ல் பிரிட்டனின் ஃபேர்ட்ரை என்ற கப்பல் கடலில் இறங்கியதோடு நிலைமை மாறத் தொடங்கியது. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறைய வைக்கும் மிதக்கும் தொழிற்சாலை அது. சோவியத் யூனியன், ஸ்பெயின் முதலிய நாடுகளும் இத்தகைய கப்பல்களை அனுப்பின. குளிர்காலத்தில் முட்டையிடக் கூடும் மீனையும் அவை வாரின. 1968-ல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் மீன் போயிற்று. அதற்கு முன் எந்த நூற்றாண்டும் காணாத அளவு அது.

எண்ணிக்கையில் ஏமாற்றம்

1977-ல் கனடா தன் கடல் எல்லையை 200 கடல் மைலாக விரித்து அயல்நாட்டுக் கப்பல்களைப் பெருமளவு வெளியேற்றியது. இனி இருப்பு பெருகும் என்று நம்பித் தானே பெரிய கப்பல்களை இறக்கியது. அரசின் நிபுணர்கள் கப்பல்களுக்குக் கிடைக்கும் மீனையும் ஒரு அளவுகோலாக வைத்து இருப்பை மதிப்பிட்டார்கள். இங்கேதான் பிசகு நேர்ந்தது. எண்ணிக்கை குறையக் குறைய மிஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடின. நவீனக் கருவிகள் அந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டின. ஆகவே வலை நிறைந்து கொண்டேயிருந்தது. கடையின் முன்புறம் அடுக்கிய மூட்டைகளைப் பார்த்துவிட்டு, குடோனும் நிரம்பியிருக்கிறது என்று எண்ணியதைப் போல.

கரையோரச் சிறு மீனவர்களோ மீன் குறைகிறது, வருவதும் சிறுத்துவிட்டது என்று 1980-களிலேயே முறையிட்டார்கள். அந்தக் குரல் எடுபடவில்லை. நிபுணர்கள் தங்கள் கணக்கைத் திருத்தி, 1989-க்கு 1,25,000 டன் போதும் என்றார்கள். வேலை போகுமே என்று அஞ்சிய அரசு 2,35,000 டன் அனுமதித்தது.

1992 ஜூலை 2 அன்று மத்திய அமைச்சர் ஜான் கிராஸ்பி வடபகுதிக் காட் மீன்பிடிப்புக்கு முழுத் தடை அறிவித்தார். அவரும் அதே தீவின் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஒரே அறிவிப்பில் சுமார் 30 ஆயிரம் பேர் வேலையிழந்தனர். மீன் பதனிடும் ஆலைகள் மூடப்பட்டன. அரசு உதவித் தொகை கொடுத்தும் ஊர்கள் காலியாயின. 1991-க்கும் 2006-க்கும் இடையே மாகாண மக்கள்தொகை சுமார் 60 ஆயிரம் குறைந்தது. வாங்க ஆளில்லாத ஊரில் கடை நடத்துவது எப்படி என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த ஆண்டுகளில் கடல் நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்ததும், காட் மீனின் இரையான கேப்லின் மீன் குறைந்ததும் காரணம் என்பாரும் உண்டு. அளவு மீறிப் பிடித்ததே தலையாய காரணம் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு.

2 ஆண்டுக்கு என்று அறிவித்த தடை 32 ஆண்டு நீண்டது. இடையில் கரையோரப் படகுகளுக்குச் சிறு அளவே அனுமதி கிடைத்தது. நண்டும் இறாலும் பெருகி நல்ல பணம் தந்தன என்றாலும், அவற்றுக்கு ஆட்கள் குறைவாகவே தேவைப்பட்டனர். 2024-ல் தடை நீங்கியபோது அனுமதித்தது 18,000 டன் மட்டுமே. அதுவும் அவசரம் என்று கண்டித்தவர்கள் உண்டு.

நார்வே செய்தது

பாரன்ட்ஸ் கடலில் நார்வேயும் ரஷ்யாவும் ஒரே காட் மீன் வளத்தைப் பங்கு போட்டுக் கொள்கின்றன. அங்கும் 1980-களின் இறுதியில் இருப்பு சரிந்தது. அவர்கள் 1990-ல் அளவை 2 லட்சம் டன்னுக்கும் கீழே குறைத்தார்கள். பிடித்த காட் மீனைக் கடலில் திருப்பிக் கொட்டுவதை நார்வே 1987-லேயே தடை செய்திருந்தது. கணக்கில் வராமல் கொட்டப்படும் மீனும் இருப்பிலிருந்து கழிந்ததுதானே! 2013-ல் அனுமதி 10 லட்சம் டன்னைத் தொட்டது. பிறகு வளம் மீண்டும் குறைய, அளவையும் படிப்படியாகக் குறைத்து 2025-க்கு 3,40,000 டன் என்று நிறுத்தினார்கள். அங்குள்ள மீனவருக்கும் வியாபாரிக்கும் இதனால் நஷ்டம் உண்டு. ஆனால் தொழில் நிற்கவில்லை.

இரு நாடுகளுக்கும் நிபுணர்கள் இருந்தார்கள், கப்பல்கள் இருந்தன. இருப்பு குறைகிறது என்று கணக்கு சொன்ன அன்றே விற்பனையைக் குறைத்தவர் யார் என்பதுதான் வேறுபாடு. நெல்லோ, பருப்போ, மீனோ, நம் சரக்கு எங்கே விளைகிறது, அங்கே நிலைமை என்ன என்று விசாரித்து வைப்பதும் கொள்முதலில் ஒரு பகுதியே. கரையோர மீனவர் 1980-களில் சொன்னதை அன்றே கேட்டிருந்தால், அந்தத் தீவின் கடைகள் பல இன்றும் திறந்திருக்கும்.