குடல் புற்றுநோய்ச் சோதனை: வரவு என்ன, செலவு என்ன?

மலத்தில் ரத்தம் கண்டால் "மூலச் சூடு" என்று கை மருந்தோடு விட்டுவிடுவோர் பலர். அது பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். உபாதை இருப்பவருக்குச் சோதனை அவசியம். உபாதை எதுவும் இல்லாதவர் செய்துகொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு சதை மொட்டிலிருந்து பல ஆண்டுகளில் மெல்ல வளர்கிறது. குழாய்க் கருவியால் உள்ளே பார்க்கும் கொலோனாஸ்கோபியில் மொட்டைக் கண்டு அப்போதே அகற்றிவிடலாம். இது வரவு.

பலன் எவ்வளவு? போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் நடந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. 10 ஆண்டுகளில், சோதனைக்கு அழைக்கப்படாதவர்களில் ஆயிரத்துக்கு 12 பேருக்கும், அழைக்கப்பட்டவர்களில் 10 பேருக்கும் நோய் வந்தது. அழைப்பை ஏற்றவர்களோ பாதிக்கும் குறைவு.

செலவு? பணம், ஒரு நாள் சம்பளம், முந்தின நாள் பேதி மருந்து. அபூர்வமாகக் குடலில் துளை விழுவதும் உண்டு. மலப் பரிசோதனை எளிது. ஆனால் மூல ரத்தமும் அதில் தெரிந்து வீண் பயம் தரலாம்.

மேல்நாடுகளைவிட இந்தியாவில் இந்நோய் குறைவு. 2016-ல் மத்திய அரசு வகுத்த சோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களே இடம்பெற்றன. எனவே எல்லோரும் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இந்நோய் வந்ததா என்று ஊரில் விசாரித்து, டாக்டரிடம் சொல்வது நல்லது. ரத்தப்போக்கு, சோகை, காரணமில்லாத இளைப்பு, மலம் கழிப்பதில் மாறுதல் இருந்தால், "அடுத்த லீவில் ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடவே கூடாது.