ஒரே தட்டின் இரு விளிம்புகள்

வடசென்னையின் மணலி புதுநகரில் கடைக்கால் தோண்டினால் மணலும் களியுமே வெளிப்படும். கொசத்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நாடும் இத்தாழ்நிலத்தில் குன்று என்று சுட்ட ஒரு மேடும் இல்லை. ஆயினும், நகரி மலைப்பக்கத்து வெள்ளமும் சேரும் அந்த ஆறு கொணர்ந்த வண்டல், மழையும் வெயிலும் தேய்த்த மலைத்துகளே. மலையின் முடிவை நாள்தோறும் மிதித்து நடக்கும் நாம், அதன் பிறப்பையும் அறிதல் வேண்டும்.

புவியின் புறவோடு பல தட்டுகளாகப் பிளவுண்டது. நம்மைச் சுமக்கும் இந்தியத் தட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்கே பெயர்கிறது. அதன் ஒரு விளிம்பில் மலை எழுகிறது. மற்றொன்றில் எரிமலை மூள்கிறது.

வடக்கே, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆசியாவை முட்டியது. இரண்டும் எடை குறைந்த நிலப்பாறைகள். எதுவும் எளிதில் ஆழத்துள் அமிழாது. ஆகவே பாறையடுக்குகள் மடிந்தும் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்றேறி இமயமாயின. 8,849 மீட்டர் உயர்ந்த எவரெசுட்டு முடியில் கடலுயிர்களின் எச்சம் பொதிந்த சுண்ணப்பாறை இருப்பதே, கடலடிப் பாறையும் மேலெழுந்ததற்குச் சான்று.

கிழக்கே நிகழ்வது வேறு. அத்தட்டின் குளிர்ந்து கனத்த கடலடிப் பகுதி, அந்தமானுக்கு மேற்கே வளைந்து கீழிறங்குகிறது. இறங்கும் பாறை தன்னுள் பொதிந்த நீரை விடுகிறது. நீர் கலந்த வெம்பாறை, குறைந்த வெப்பத்திலேயே உருகும். அக்கற்குழம்பு சூழ்பாறையினும் எடை குறைந்ததாதலின் மேலேறும். ஏற ஏற அழுத்தம் தணிய, கோலிசோடாவின் குண்டைத் தள்ளியதும் நுரை பொங்குவதுபோல், கரைந்திருந்த நீராவியும் பிற வளிகளும் குமிழித்துக் குழம்பை வெளியே வீசும். அந்தமான் கடலின் பாரன் தீவு எரிமலை அவ்வாறு சீறியதை 1787-இல் கண்டு எழுதினர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிய அது, 1991-இல் மீண்டும் விழித்தது.

அதே கிழக்கு விளிம்புதான் 2004 திசம்பர் 26 அன்று நழுவியது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை சென்னைக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. கரையை விட்டு அகல அந்நேரம் போதும். அகலச் சொல்லும் குரல்தான் அன்று இல்லை. 2007-இல் ஐதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் எழுந்தது. எண்ணூர்க் குப்பத்துச் சிறுவன் கற்கும் நிலவியல், தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பேரலைக்கு முன் கடல் உள்வாங்கும் நாளில் அவன் வீட்டாரைக் காக்கும் அறிவு அது.